கட்டை அவிழ்க்காதே, சிவந்தி!

"டேய்...! எவண்டா என்னைக் கட்டினது?"

அந்த அலறலில் தகரக் கூரை மேல் இருந்த காகங்கள் பதறிப் பறந்தன.

அம்புரோஸ் இரும்புக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தோடு நைலான் கயிற்றால் இறுக்கப்பட்டிருந்தன.

எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி. அதில் ஒரு மொட்டைத் தலை. மீசை இல்லை. சாயம் போன நீலச் சட்டை.

யார் இந்தக் கிழவன்?

அப்புறம்தான் உறைத்தது.

அது அவரேதான்!

எண்ணூர் பக்கம் கடல்வாக்கம் நகராட்சி. அதற்குச் சொந்தமானது இந்த முதியோர் காப்பகம். நடத்துகிற கான்ட்ராக்டர் அம்புரோஸ். ராயபுரத்தில் மாடி வீடு... வாசலில் வெள்ளைக் கார்... முறுக்கு மீசை...

நேற்று மாலை வரை!

"இன்னா நைனா... முழிச்சுகினியா?"

கட்டில் ஓரத்தில் ஆயா சிவந்தி நின்றாள். கையில் கஞ்சி டம்ளர்.

"சிவந்தி! அவுத்து வுடு! எவன் வேலை இது?"

"என் வேலைதான்."

"இன்னாது?"

"இன்னிக்கு நகராட்சியிலேர்ந்து ஆபீசர் வராங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது, எல்லாருக்கும் மாத்திரைய கலக்கிக் குடுன்னு நேத்து சொன்னியே... மொத டோஸ் உன் டீயில போட்டேன்."

"அடிப்பாவி!"

"மொட்டை அடிச்சு மீசைய எடுத்ததும் நான்தான். தூக்கியாந்து படுக்க வெச்சது மட்டும் மஜீது பாயி."

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மஜீது பாய் சிரித்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள் குலுங்கின.

"மூட்டைய விட லேசுதாம்மா."

அம்புரோஸ் கயிற்றை இழுத்தார். மணிக்கட்டு எரிந்தது.

"தண்ணி... தண்ணியாவது குடு."

"தண்ணி குடுத்தா படுக்கையை நனைப்பே. எவன் தொவைக்கிறது?"

அம்புரோஸ் விழித்தார். எங்கோ கேட்ட வார்த்தைகள்...

"உன் வார்த்தைதான். எங்கப்பன் கிட்ட சொன்னியாமே? சுப்பராயன்... ஞாபகம் கீதா?"

"எந்த சுப்பராயன்?"

"அதான்... உனக்கு எவன் ஞாபகம் இருக்கான்!"

சிவந்தி குனிந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"கை கால் வராத மனுசன். நான் கேரளாவுல எறா கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தேன். நகராட்சி எடம், நல்லா பாத்துப்பாங்கன்னு நம்பி வுட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா பொணமா குடுத்தீங்க. மணிக்கட்டு ரெண்டுலயும் கயித்துத் தடம்! ஸ்டேஷனுக்குப் போனேன், தொரத்தி வுட்டாங்க. அத்தொட்டுத்தான் இங்கியே ஆயாவா சேந்தேன்."

டம்ளரை அவர் வாயருகே கொண்டுவந்தாள். கஞ்சியின் மேல் வெள்ளைத் தூள் கரையாமல் மிதந்தது.

"மிச்ச மாத்திரை எல்லாம் இதுல கீது. குடி!"

"வேணாம்... சிவந்தி... வேணாம்மா..."

அவர் மூக்கை அழுத்திப் பிடித்தாள். வாய் தானாகத் திறந்தது.

டம்ளர் சாய்ந்தது...

வாசலில் ஜீப் ஹாரன்!

சிவந்தியின் கை நின்றது. டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

உள்ளே வந்தவள் சைமா. நகராட்சியின் புதிய நல அலுவலர். பதவியேற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பின்னால் ஃபைலோடு ஒரு வழுக்கைத் தலை ஆசாமி.

"மேடம்! காப்பாத்துங்க! நான்தான் அம்புரோஸ்! இந்த ஹோம் கான்ட்ராக்டர்!"

சைமா சிவந்தியைப் பார்த்தாள்.

"யாரும்மா இவர்?"

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இட்டாந்தாங்கம்மா. பேரு தெரியாது. கான்ட்ராக்டர்னு சொல்லிகினே கீறாரு."

"மெய்தாம்மா," என்றார் மஜீது பாய். "நேத்து கலெக்டர்னாரு. பாவம்."

"பொய்! பொய்!"

சைமா கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவரே, நீங்க கான்ட்ராக்டர்னா இந்த ஹோம் எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்? சொல்லுங்க. நம்புறேன்."

அம்புரோஸுக்கு உயிர் வந்தது!

"எல்லாம் தெரியும் மேடம்! அதோ அந்த டம்ளரப் பாருங்க... தூக்க மாத்திரை! நானே வாங்கியாந்தது! தெனம் கஞ்சியில கலந்து குடுக்கச் சொல்வேன். அப்பத்தான் சத்தம் போட மாட்டாங்க. ரெண்டே ஆளை வெச்சு ஓட்டலாம்!"

"கயிறு?"

"அதுவும் நான்தான்! எந்திரிச்சு நடந்தா வுழுவாங்க. வுழுந்தா பேஜாரு. அதான் கட்டிப் போடுறது."

"இது எல்லா ஹோம்லயும் சொல்ற கதை. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் எதாவது..."

அம்புரோஸ் தவித்தார். சிவந்தியின் கண்கள் டம்ளர் மேலேயே இருந்தன. ஆபீசர் எழுந்து போய்விட்டால்...?

"சுப்பராயன்!" என்று கத்தினார். "பக்கவாதக்காரன்! விடிய விடிய தண்ணி தண்ணின்னு கத்தினான். கையைக் கட்டி, டபுள் டோஸ் ஊத்தி, வாயில துணியை அடைச்சேன்! காலையில பார்த்தா ஆளு காலி! தெரிஞ்ச டாக்டரைப் புடிச்சு மாரடைப்புன்னு எழுத வெச்சேன்! இது என்னைத் தவிர எவனுக்குத் தெரியும்? இப்ப நம்புறீங்களா?"

சிவந்தியின் பார்வை டம்ளரை விட்டு அவர் முகத்துக்குத் திரும்பியது.

துணி... வாயில் துணி அடைத்தது அவளுக்கு இதுவரை தெரியாது.

அப்பா கடைசியாகக் கேட்டது தண்ணீர்.

"நம்புறேன்," என்றாள் சைமா. "உள்ளே வந்ததுமே நம்பிட்டேன். ஹோம் திறப்பு விழா போட்டோ என் ரூம்லதான் தொங்குது. மீசையை எடுத்தா மூக்கு மாறிடுமா மிஸ்டர் அம்புரோஸ்?"

அம்புரோஸ் கயிற்றோடு எம்பினார்.

"அப்ப... எதுக்கு கேட்டீங்க?"

"கேட்கச் சொல்லி இவர் கண்ணைக் காட்டினார்."

வழுக்கைத் தலை ஆசாமி ஃபைலை மூடினார்.

"இன்ஸ்பெக்டர் காஜா மொய்தீன். ஹோமைப் பத்தி சந்தேகமா இருக்கு, கூட வாங்கன்னு மேடம் கூப்பிட்டாங்க. சுத்திப் பார்க்கத்தான் வந்தேன். நீங்க கொலையே காட்டிட்டீங்க!"

"ஐயோ! போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்ல செல்லாது!"

"அதான் நான் வாயே தொறக்கல. நீங்க மேடம்கிட்டதானே சொன்னீங்க?"

சைமா எழுந்தாள். குரல் கூடமெங்கும் கேட்டது.

"கான்ட்ராக்ட் இன்னையோட ரத்து. இனி நகராட்சியே நேரடியா நடத்தும். நர்ஸ் இருப்பாங்க. தினமும் டாக்டர் வருவாங்க. சொந்தக்காரங்க எப்ப வேணா வந்து பார்க்கலாம். எல்லாக் கயிறையும் அறுத்துப் போடுங்க!"

சிவந்தி இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் வெலங்கு போடு சார். நீங்க வரலைன்னா இந்தாளைக் கொன்னிருப்பேன். மெய்யாலுமே."

காஜா மொய்தீன் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கட்டினதுக்கும் மருந்து குடுத்ததுக்கும் கேஸ் உண்டும்மா. தப்பிக்க முடியாது. ஆனா உங்கப்பா கேஸ்ல முக்கிய சாட்சியும் நீதான். நடந்ததை அப்படியே சொல்லு."

"சொல்றேன் சார். அவருக்காக எந்தக் கூண்டுல வேணா ஏறுறேன்."

மஜீது பாய் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"இன்ஸ்பெக்டர்!" அம்புரோஸ் முனகினார். "புழல் ஜெயிலா? எனக்கு சுகர் இருக்கு... முதுகு வலி இருக்கு... அங்கே என்னை யார் சார் பார்த்துப்பாங்க?"

காஜா மொய்தீன் கயிற்றை அறுத்துவிட்டு விலங்கை மாட்டினார்.

"கவலையே படாதீங்க. அதை கான்ட்ராக்ட்டுக்கு விடல... கவர்மென்ட்டே நேரடியா பார்த்துக்கும்!"