துண்டைக் கொடுத்தால்தான் புது ஊசி

வாட்ச் ரிப்பேர்க்காரன் பிரபாகர் அந்த அறைக்குக் கடையை மாற்றிக்கொண்டு வந்தபோது காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க்கதைக்கு உகந்த நேரமே இல்லை. சந்தில் பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. எதிரில் தையல் மெஷின் உதிரிபாகக் கடை, பக்கத்தில் பேக்கரி, மேலே யாரும் இல்லாத இரண்டு மாடி. ஒரு காலத்தில் அது முழுக்கத் தையல் மெஷின் ஓடிய கட்டடம். தன் கம்பெனி நொடித்துப்போன பிறகு வாசல்பக்க அறையை மட்டும் கடைக்கு விட்டிருந்தார் கட்டடக்காரர் மகுடேஸ்வரன்.

அவர் சாவியைக் கொடுத்தாரே தவிர, வாசற்படியைத் தாண்டவில்லை.

"நீங்களே பாத்துக்கங்க தம்பி. எனக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கறதில்லீங்க."

பத்து வருஷம் பஞ்சுத் தூசியிலேயே பணம் பண்ணியவருக்குத் தூசி ஒத்துக்காதாம். பிரபாகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். அறையில் ஒரே ஒரு பழைய தையல் மேசை கிடந்தது. மெஷினை விற்றுவிட்டு, அது இருந்த பள்ளத்தைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகையின் ஓரத்தில் கருத்த கறை. மெஷின் ஆயில் என்று நினைத்துத் துடைத்தான், போகவில்லை. உறுதியான மேசை, வாட்ச் வேலைக்கு ஆடாமல் நிற்கும். அதையே வைத்துக்கொண்டான்.

மகுடேஸ்வரன் வாசலில் நின்றபடியே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். தினமும் சாவி கொடுக்கிற பழைய வாட்ச், அவருடைய அப்பா கட்டியது. குளியலறையில் விழுந்து நின்றுவிட்டது. கோயமுத்தூரில் இரண்டு கடையில் கையை விரித்துவிட்டார்களாம்.

"நம்ம கையில ஆகாதது இல்லீங்ணா" என்றான் பிரபாகர்.

அவனுக்கு அந்தக் கொழுப்பு உண்டு. கொழுப்புக்குக் காரணமும் உண்டு. அவனுடைய வலது கை அப்படிப்பட்ட கை. கண் மங்கினால் லென்ஸ் இருக்கிறது, காது போனால் மெஷின் இருக்கிறது, இந்தக் கை போனால் நான் வெறும் ஆள் என்று மனைவி தமிழ்மதியிடம் அடிக்கடி சொல்வான். பைக்கில் போகும்போதுகூட வலது கைக்கு மட்டும் உறை மாட்டுவான். அவள் கேலி செய்வாள்.

வாட்சைத் திறந்தான். நினைத்தபடி பேலன்ஸ் ஸ்டாஃப் ஒடிந்திருந்தது. வாட்சுக்குள் இடமும் வலமும் ஓயாமல் ஆடுகிற சக்கரத்துக்கு நடு அச்சு அது. நீளம் அரிசியில் பாதி இருக்கும். இரண்டு முனைகளும் தலைமுடி மாதிரி. கீழே விழுந்த வாட்சில் முதலில் உயிரை விடுவது இதுதான். இந்த வாட்சுக்கு மாற்று ஸ்டாஃப் எங்கும் கிடைக்காது, கடைந்துதான் எடுக்க வேண்டும். கடைய நல்ல எஃகு வேண்டும். திருப்பூரில் நல்ல எஃகு என்றால் தையல் ஊசி.

எதிர்க்கடையில் புது ஊசி வாங்கியிருக்கலாம். நாலு எட்டு நடந்தால் போதும். ஆனால் மேசைப் பலகையின் இடுக்கில், கறைக்கு நடுவில், ஏதோ மின்னியது. சாமணத்தால் பிடித்து இழுத்தான். பல்லைப் பிடுங்குகிற மாதிரி மெதுவாக வந்தது. உடைந்த ஊசித் துண்டு, நல்ல தடிப்பு. வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை அவன் சாமணத்தால் செய்தான்.

ஊசி எஃகு விறைப்பானது, அப்படியே கடைந்தால் நொறுங்கும். நீலம் ஏறுகிறவரை சூடுகாட்ட வேண்டும். ஸ்பிரிட் விளக்கில் காட்டினான்.

முடி கருகும் நாற்றம் அடித்தது.

தன் முடிதான் விளக்கில் பட்டுவிட்டதோ என்று தடவிப் பார்த்தான். இல்லை. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். இவன் துண்டைச் சின்ன லேத்தில் மாட்டிச் சுழலவிட்டான். பாதியில் அதன் நுனி 'டிக்' என்று தெறித்து அவனுடைய வலது கட்டைவிரலுக்குள் ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. விரலைச் சப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் தயார். சக்கரத்தில் அடித்து இறுக்கி, வாட்சில் பொருத்தினான். சக்கரம் தானாகவே ஆடத் தொடங்கியது.

சாவி கொடுக்கவே இல்லை.

மகுடேஸ்வரன் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு, காதில் வைத்துக் கேட்டார். முகம் சற்றே சுருங்கியது.

"மெஷின் ஓடற மாதிரி கேக்குதுங்களே தம்பி?"

"புது ஸ்டாஃபுங்ணா, பழகிக்கும்" என்று அனுப்பிவைத்தான்.

மறுநாள் மத்தியானம் மின்சாரம் போனது. பேக்கரியின் அரவை நின்றது, சந்தே ஓய்ந்தது. பிரபாகர் குனிந்து ஒரு வாட்சின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் சரக், சரக் என்று ஏதோ தேய்ந்தது. எலி என்று நினைத்தான்.

எலி அல்ல. உள்ளங்கைகள். யாரோ தரையை உள்ளங்கைகளால் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார்கள்.

தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. அதன் பின்னாலேயே பச்சை ரத்த வாடை.

தடவல் அவன் கால்கிட்டே வந்து நின்றது.

"அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே. துண்டு கெடக்கான்னு பாக்கணும்."

தெற்கத்திப் பேச்சு. இளம் பெண் குரல். பிரபாகர் காலைத் தூக்கினான், பயத்தில் வேறென்ன செய்வான்? ஈரமான விரல்கள் அவன் காலைத் தடவி, முட்டியைத் தடவி, மேசைமேல் ஏறின. ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகையில் மட்டும் சிவப்பாக விரல் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவனுடைய வலது கைக்கு வந்ததும் நின்றன.

கட்டைவிரலை எதுவோ கிள்ளியது. நகம் பிளந்து ரத்தம் பீறிட்டது.

"இங்கிட்டுத்தான் இருக்கு" என்றது குரல்.

அவன் கடையைக்கூடப் பூட்டாமல் ஓடினான்.

தமிழ்மதி பேட்லாக் டெய்லர். பனியனில் மூன்று வரிசைத் தையல் போடும் மெஷினில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். புருஷன் சொன்னதை அவள் சிரிக்காமல் கேட்டாள். விரலைக் கழுவி, குத்தூசியால் நெம்பிப் பார்த்தாள். துண்டு சிக்கவில்லை. தொடும்தோறும் உள்ளே உள்ளே போனது.

"ஏனுங்க, கம்பெனியில ஊசி ஒடஞ்சா என்ன பண்ணுவோம் தெரியுமுங்களா? எல்லாத் துண்டையும் பொறுக்கிப் பேப்பர்ல டேப் போட்டு ஒட்டிக் காட்டோணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் புது ஊசி தர மாட்டாங்க. எந்திரிக்கவும் உட மாட்டாங்க. துணிக்குள்ள போயிட்டா குழந்தையக் குத்தீருமுன்னு துணி வாங்கற பையருக்குப் பயம். பாவம், ஒரு புள்ள துண்டு சிக்காம அங்கயே இருக்கறா. அதையப் போயிக் கடைஞ்சு வெச்சிருக்கறீங்க!"

"என்ற கையைக் கேக்கறா மதி."

"கையைக் கேக்கல. துண்டைக் கேக்கறா. பொறுக்கிக் குடுத்தர்லாம்."

உடம்புக்குள் போன ஊசி ரத்தத்தோடு ஓடி நெஞ்சைக் குத்தும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டவன் பிரபாகர். விடியும்போது வலி மணிக்கட்டை நோக்கி நகர்ந்திருந்தது. கை புடலங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கையைத்தான் கீறுவார்கள் என்ற பயம் வேறு. தமிழ்மதி கம்பெனிக்கு லீவு சொன்னாள். எதிர்க்கடையில் ஒரு காந்தமும் ஒரு புது பேட்லாக் ஊசியும் வாங்கிக்கொண்டு அவனோடு கடைக்குள் வந்தாள்.

வாட்ச் கடைக்குள் காந்தத்தை விடுவது பாவம். அன்றைக்கு விட்டார்கள். லேத்தைச் சுற்றிக் கிடந்த எஃகுத் தூளையெல்லாம் அவள் காந்தத்தால் கூட்டி எடுத்து, ஒரு பேப்பரில் டேப் போட்டு ஒட்டினாள். இனி வாட்சில் இருப்பதும், விரலில் இருப்பதும்தான் பாக்கி.

வாட்ச் தானே வந்தது.

மகுடேஸ்வரன் காரை நடுச்சந்தில் விட்டுவிட்டு ஓடிவந்தார். இந்த முறை வாசற்படி அவருக்குத் தடையாக இல்லை. இடது கையை வலது கையால் பிடித்திருந்தார். முழங்கைவரை ரத்தம்.

"கழட்டுங்க தம்பி! அய்யோ, கழட்டுங்க!"

வாட்ச் வார் மணிக்கட்டோடு தைக்கப்பட்டிருந்தது. மூன்று வரிசை, நூல் பிடித்த மாதிரி நேராக. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலில் அடுத்த துளை விழுந்தது. அடுத்தது. அடுத்தது. வாட்ச் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளைக்கும் அவர் உடம்பு துள்ளியது.

பிரபாகர் வீங்கிய கையால் வாட்சின் மூடியை நெம்பினான். கட்டைவிரல் வலியில் கண்ணில் பூச்சி பறந்தது. சக்கரத்தைப் பிடுங்கி, ஸ்டாஃபைத் தட்டி வெளியே எடுத்தான். அதைத் தமிழ்மதி பேப்பரில் வாங்கி ஒட்டினாள்.

வாட்ச் நின்றது. மகுடேஸ்வரன் மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடியவில்லை. அவர் தலை பின்னால் இழுபட்டது. யாரோ முடியைக் கொத்தாகப் பிடித்த மாதிரி நெற்றித் தோல் மேலே ஏறியது.

"ஒச்சாயி, வேண்டாம் சாமி! துண்டு சிக்காம ஷிப்மெண்ட் நின்னு போச்சுங்கற ஆத்திரத்துல உன்ற தலைய மேசையில ரெண்டு தடவ இடிச்சேன்! செத்துப்போவேன்னு நெனைக்கலையே கண்ணு! துண்டு அந்த எடுக்குலதான் எறங்கியிருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நெற்றி மேசைக் கறைமீது மோதியது. தேங்காய் உடைக்கிற சத்தம். மறுபடி தலை தூக்கப்பட்டது. அவர் வாயில் பற்கள் கலைந்து கிடந்தன. மறுபடி மோதியது. தமிழ்மதி அலறினாள். வெளியே வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, நடுச்சந்தில் காரை நிறுத்தியவனை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தலை ஏறி ஏறி இறங்கியது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத பிறகுதான் உடல் சரிந்து கீழே விழுந்தது.

பிரபாகர் வாந்தி எடுத்தான். அந்தப் பாவிக்காக அவனுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெண்ணுக்காக வந்தது. ஒரு உடைந்த ஊசிக்காக ஒரு உயிரா?

சரக். சரக்.

உள்ளங்கைகள் ரத்தக் குளத்தில் நீந்திக்கொண்டு அவனிடம் வந்தன. அவன் வலது கையைப் பிடித்து மேசைமேல் அழுத்தி வைத்தன.

"அண்ணே, ஒரு துண்டு கொறையுதுண்ணே."

"குடுத்தர்றோம் தாயி, குடுத்தர்றோம்" என்றாள் தமிழ்மதி. பிளேடை எடுத்துப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுவரை நீளமாகக் கீறினாள். அவன் தன் சட்டைக் காலரைக் கடித்துக் கிழித்தான். சதைக்குள் விரலை விட்டுத் தேடினாள். வெள்ளை நரம்புக்கு அருகில், எள்முனை அளவு, மின்னியது. காந்தத்தை வைத்தாள். வந்துவிட்டது.

அவள் அதையும் ஒட்டினாள். தூள், ஸ்டாஃப், நுனி. பேப்பரை மேசையில் வைத்தாள். அதன்மேல் கம்பெனியில் எட்டு வருஷமாகச் செய்கிற முறைப்படி, புது ஊசியை வைத்தாள்.

பேப்பர் மெல்ல நகர்ந்தது. யாரோ படிக்கிற மாதிரி திரும்பியது. பிறகு மடிந்து, காணாமல் போனது.

பிடி தளர்ந்தது. அறையில் காற்று வந்தது. பெரிய நிம்மதிப் பெருமூச்சு ஒன்று, ஒரு பெண்ணின் பெருமூச்சு, இருவர் காதிலும் கேட்டது.

"போயிட்டாளுங்க" என்று தமிழ்மதி அழுதாள். "கையத் தூக்குங்க, கட்டுப் போடறேன்."

அவன் கையைத் தூக்கப் போனான். அப்போதுதான் பார்த்தான், புது ஊசியும் மேசைமேல் இல்லை.

நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ சேலையைச் செருகிக்கொண்டு வாகாக உட்கார்ந்தார்கள். புது ஊசி எதற்குக் கொடுப்பார்கள் என்று எட்டு வருஷ டெய்லருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஊருக்குப் போகவா கொடுப்பார்கள்? விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரத்தானே?

இல்லாத மெஷின் ஓடத் தொடங்கியது.

மேசைமேல் துணி எதுவும் இல்லை. அவன் கைதான் இருந்தது.

ஆட்கள் வந்து சேர்ந்தபோது பிரபாகரின் வலது கை பலகையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. பலகையை அறுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தையலைப் பிரித்தார். மறுநாள் பார்த்தால் மறுபடி தைத்திருந்தது, முந்தின நாளைவிட ஒரு விரற்கடை கூட. பிரிப்பதை நிறுத்திவிட்டார். மகுடேஸ்வரன் வழக்கில் போலீஸார் இன்னும் சாட்சி தேடுகிறார்கள்.

பிரபாகர் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். காலையில் ஷிப்ட் சங்கு ஊதியதும் அவன் வாயில் தமிழ்மதி துணியைத் திணித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்கிறாள். டீ நேரத்துக்குத் தையல் கொஞ்சம் நிற்கிறது. சோத்து நேரத்துக்கு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு. மூன்று வரிசைத் தையல், ஒரு கோணல் இல்லை, நல்ல வேலைக்காரி என்று தமிழ்மதியே ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் முழங்கையைத் தாண்டியது.