கொடியில் தொங்கிய வெள்ளை

கொடியில் ஒரு வெள்ளைத் தலையணை உறை தொங்கிக்கொண்டிருந்தது.

கடையில் வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பிய ரன்வெய் அதைத் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டாள். மூன்று மணி என்றாலும் கும்மிருட்டு. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இனி ஜனவரி பாதியில்தான் எட்டிப் பார்க்கும். தெருவிளக்கு ஒன்றின் மஞ்சள் வெளிச்சத்தில், மீன் காயப்போடும் மரச்சட்டங்களிலிருந்து வரும் கவிச்சி வாடையும் யார் வீட்டு அடுப்பிலோ எரியும் பிர்ச் கட்டையின் புகையும் கலந்த அந்தக் குளிரில், உறை பலகையாக விறைத்து, காற்றே இல்லாதபோதும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அவள் வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இருள்காலத்தில் இந்த ஊரில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே கொண்டுவருவதில்லை. வெள்ளை விரிப்புகள், சட்டைகள் எல்லாம் மாடிப் பெட்டிக்குப் போய்விடும். பிள்ளைகளின் குல்லா சிவப்பு அல்லது நீலம். கடையில் வெள்ளைக் கம்பளி நூல்கண்டு பின்கட்டுக் கிடங்குக்குப் போய்விடும். ரன்வெய் பிறந்தது இரண்டு மலை தாண்டி இருக்கும் ஊரில். அங்கேயும் இதே வழக்கம்தான். ஆறு வயதில் வானத்தைப் பார்த்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியதற்கு அவள் அம்மா கொடுத்த அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

இறங்கிப்போய்க் கிளிப்புகளைக் கழற்றினாள். அவள் வாங்கிய மரக் கிளிப்புகள். உறையின் மூலையில் நீல நூலில் இரண்டு பூக்கள். அது அவளுடையது இல்லை. மடித்தபோது கண்ணாடி உடைவதுபோல் நொறுங்கும் சத்தம் கேட்டது.

உள்ளே அஸ்லாக் அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவன். விடியற்காலையே போய்விட்டு மத்தியானம் வந்துவிடுவான்.

"கொடியில வெள்ளை உறை ஒண்ணு கிடந்துச்சு."

"அப்படியா? எங்கேருந்தாவது பறந்து வந்திருக்கும்."

"கிளிப் மாட்டிக்கிட்டா பறந்து வரும்?"

அவன் சிரித்தான். "இந்த ஊர்க் காத்துக்கு ரொம்பப் பொறுப்பு, ரன்வெய். எதையும் அரைகுறையா செய்யாது."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருடமாக இந்த மனிதன் இப்படித்தான் அவளை ஜெயித்துக்கொண்டிருக்கிறான். மேஜையின் கோடியில் பதினோரு வயது சுன்னா எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். ரன்வெய் அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டென்று மடியில் மறைத்துக்கொண்டாள்.

சுன்னா அவள் வயிற்றில் பிறந்தவள் இல்லை. அஸ்லாக்கின் முதல் மனைவி எல்லேயின் மகள். குழந்தைக்கு இரண்டு வயதாக இருந்தபோது, டிசம்பர் மாதம் ஒரு சாயங்காலம், படகுக் கொட்டகையின் கதவைச் சாத்தப் போன எல்லே திரும்பி வரவில்லை. குடாவின் கரை வரை காலடிகள் கூடப் போகவில்லையாம். பாதி வழியில், பனியிலேயே நின்றுவிட்டனவாம். கடல் கொண்டுபோய்விட்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. மறுவருடம் இந்த வீட்டுக்கு வந்த ரன்வெய்தான் சுன்னாவுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தாள், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் சுன்னா அவளை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. எப்போதும் ரன்வெய்தான். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே ரன்வெய்க்கு அது பழகியிருந்தது.

உறையை அடுப்பில் போட்டாள். எரியும்போது தார் சோப்பின் வாசனை வந்தது. கல்யாணமாகி வந்த முதல் நாள் குளியலறையில் அந்த வாசனையோடு ஒரு சோப்பு இருந்தது. "எல்லேயோடது" என்று சொல்லிவிட்டு, அஸ்லாக் அதை எடுத்துக்கொண்டுபோய் எங்கோ எறிந்துவிட்டான். எறிந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பு. அதற்கு மறுநாள், கை நீளமான வெள்ளை இரவு உடை ஒன்று, இரண்டு கைகளும் அகல விரிந்து.

"ஏண்டி, முகமெல்லாம் வெளிறிப் போச்சு? ரொம்ப வெளிறினா வெளியே விட மாட்டேன், பாத்துக்கோ" என்றாள் ஒட்னி. கடையின் கல்லாவில் உட்காரும் ஒட்னிக்கு வாய் மூடினால் குளிர் பிடித்துவிடும். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்களின் தோளில் சிவப்புத் துண்டு ஒன்றைப் போட்டு அனுப்புவது அவள் வேலை. 'வடக்கு வெளிச்சம் எத்தனை மணிக்கு வரும்?' என்று கேட்பவர்களிடம், 'பஸ்ஸுக்குத்தான் நேரம் போட்டிருக்கு' என்பாள். இருள்கால வானத்தில் பச்சைத் திரையாக ஆடும் அந்த வெளிச்சத்தின் பெயரை ஊர்க்காரர்கள் யாரும் சொல்வதில்லை. 'அவங்க வந்திருக்காங்க' என்பார்கள், சம்பந்தி வீட்டார் வந்ததைப் போல.

ரன்வெய் கொடியைப் பற்றிச் சொன்னாள். ஒட்னியின் கை கல்லாவின் மேல் நின்றது.

"யாராவது பசங்க விளையாடுறானுங்க."

"எல்லேயோட துணி, ஒட்னி."

"வெள்ளையைக் காட்டினா அவங்க இறங்கி வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். விசில் அடிச்சா எங்க இறங்கணும்னு அவங்களுக்குத் தெரியும்." ஒட்னி குரலைத் தாழ்த்தினாள். பிறகு அவளுக்கே அது பொறுக்காமல் சிரித்துவைத்தாள். "கொண்டுபோனதைத் திருப்பிக் குடுப்பாங்கன்னு கூட எங்க மாமா சொல்லுவாரு. ஒண்ணு வாங்கணும்னா ஒண்ணு குடுக்கணுமாம். நம்ம கடையில பழைய பாட்டிலக் குடுத்துட்டு வாங்குற மாதிரி. போடி, போய் மாவு மூட்டையை அடுக்கு."

அன்று வீட்டுக்கு வந்தபோது கொடியில் ஒன்றும் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஈரச் சாக்ஸைக் காயப்போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கம்பளிச் செருப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அஸ்லாக்கினுடையது. சுன்னாவினுடையது. அவளுடையது. நான்காவதாக ஒரு ஜோடி, சாம்பல் நிறம், சின்னக் கால்களுக்கானது.

"இது யாருக்கு, சுன்னா?"

"விருந்தாளி வந்தா போட்டுக்க." பின்னல் ஊசிகள் நிற்கவில்லை. டிக், டிக், டிக்.

"யார் வரப்போறாங்க?"

"கால் ரொம்பச் சில்லுனு இருக்கும்ல" என்றாள் சுன்னா, அதுதான் பதில் என்பதுபோல.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. வீட்டின் பின்னாலிருந்து, தாழ்ந்து, இரண்டே சுரம். ஒன்று ஏறி, ஒன்று இறங்கி. இந்த ஊரில் கோடையில்கூடப் பையன்கள் விசிலடிக்கத் தயங்குவார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். படகுக் கொட்டகையின் ஓரத்தில் அஸ்லாக் நின்றுகொண்டிருந்தான், தலையில் குல்லா இல்லாமல், முகத்தை மேலே தூக்கியபடி. வானத்தில் ஒரு பச்சை நூல் மட்டும். அவன் உதடுகள் இன்னும் குவிந்திருந்தன.

"நீயா விசிலடிச்சே?"

"நானா? காத்து."

காற்று இல்லை. புகைபோக்கியிலிருந்து புகை குச்சியைப்போல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். எட்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் பொய் இதுதானா, அல்லது அவள் கையில் சிக்கிய முதல் பொய்யா என்று யோசித்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தாள். நாளைக்கு என் பிறந்தநாள் முடியட்டும், இரண்டு நாள் சுன்னாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் வரலாம் என்று முடிவு செய்தாள். அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மட்டும் போக முடியாது.

மறுநாள் அவளுக்கு நாற்பது வயது. ஐந்து மணிக்கு அஸ்லாக் கேக்கின் மேல் மஞ்சள் நிறக் காட்டுப்பழக் கிரீமை வழித்துப் போட்டான். "நாப்பதுக்கு நாப்பது மெழுகுவத்தி வெச்சா தீயணைப்பு வண்டி வரணும். நாலு போதும்" என்றான். அவள் சிரித்தாள். வீடு காபி மணத்தது, ஏலக்காய் மணத்தது. இவ்வளவு பிரியமான வீட்டைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேனே என்று அவளுக்கு வெட்கமாகக் கூட இருந்தது.

சுன்னா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்தபோது உள்ளே ஒரு சால்வை.

வெள்ளை.

ஓரமெல்லாம் குஞ்சம், நடுவில் இலை இலையாகப் பின்னல். ஒரு மாதத்து வேலை. ரன்வெய் அதைத் தொடவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு, கண்ணு. வெயில் வந்ததும் போட்டுக்கிறேன்."

சுன்னா ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்தபடி, மெதுவாக, சொல்லிப் பழகாத ஒரு சொல்லைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அம்மா."

ரன்வெய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அம்மா" என்றாள் சுன்னா மறுபடியும். "வெளியே பாக்கலாமா?"

எட்டு வருடம் காத்திருந்த சொல். வெள்ளை, விசில், செருப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லின் முன்னால் என்ன? இந்தக் குழந்தை கேட்டால் அவள் நெருப்பைக்கூடப் போர்த்திக்கொள்வாள். "பாப்பா ஆசையா பின்னினது. அஞ்சு நிமிஷம் வாசல்ல நிப்போம், அவ்வளவுதான்" என்றான் அஸ்லாக். அவனே சால்வையை அவள் தோளில் போட்டான். சுன்னா பின்னால் போய் நின்று, முதுகில் குஞ்சங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே அவர்கள் வந்திருந்தார்கள்.

மலையின் தோளிலிருந்து எழுந்த பச்சை, குடாவின் மேல் ஒரு நீளமான திரையாகத் தொங்கி, அதன் கீழ்விளிம்பு இளஞ்சிவப்பாகத் துடித்து, மடிந்து, விரிந்து, மறுபடி மடிந்து, தண்ணீரிலும் பனியிலும் வீடுகளின் கண்ணாடிகளிலும் ஒரே சமயத்தில் அசைந்துகொண்டிருந்தது. நாய்கள் எதுவும் குரைக்கவில்லை. மற்ற வீடுகளில் கறுப்புத் திரைகள் இழுத்து மூடியிருந்தன. அழகு. அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது. சுன்னாவின் கை அவள் கைக்குள் இருந்தது.

"கையுறையை மறந்துட்டேன்" என்று அந்தக் கை உருவிக்கொண்டது.

"அடுப்புல காபி பொங்கிடும்" என்றான் அஸ்லாக். "நீ பாத்துக்கிட்டு இரு. இப்ப வந்துடுறேன்."

கதவு சாத்தும் சத்தம். அப்புறம் இன்னொரு சத்தம், இரும்பு இரும்பில் உரசி விழுவதுபோல. அது என்னவென்று அவளுக்கு உடனே புரியவில்லை. இந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"அஸ்லாக்?"

உள்ளேயிருந்து விசில். இரண்டு சுரம். ஒன்று ஏறி, ஒன்று இறங்கி.

மேலே திரை அசைவதை நிறுத்தியது.

அவள் கதவை நோக்கி நடக்கப் பார்த்தாள். வந்த காலடிகள் மூன்று ஜோடி. திரும்பிப் போனவை இரண்டு. சால்வையைக் கழற்றக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. இழுத்தாள். இன்னும் இறுகியது. தார் சோப்பு வாசனை. அவளைச் சுற்றி. அவள் கழுத்தில். பச்சை இப்போது கூரைக்கு மேலே. புகைபோக்கிக்கு மேலே. சத்தமே இல்லை. அவள் கத்தினாள். அதுவும் கேட்கவில்லை.

பக்கத்தில் பனி நெரிந்தது.

ஒரு தடம். வெறுங்கால் தடம். அவள் நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பித்து. இன்னொன்று. சின்னக் கால். வாசலை நோக்கி. இன்னொன்று. யாரும் இல்லை. தடம் மட்டும். படியில் ஈரம். தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சமும் ஏலக்காய் மணமும் ஒரு நொடி வெளியே வழிந்தன. கதவு மூடிக்கொண்டது.

ஜன்னலில் சமையலறை தெரிந்தது. நான்கு மெழுகுவத்தி. அவளுடைய நாற்காலியில் யாரோ, முதுகைக் காட்டி. நீளமான ஈரக் கூந்தல், நுனியெல்லாம் பனி. ஆணியில் மாட்டியிருந்த ரன்வெய்யின் நீல ஏப்ரன் இப்போது அந்த இடுப்பில். சுன்னா தரையில் மண்டியிட்டு, சாம்பல் நிறச் செருப்புகளை அடுப்பருகிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக அந்தக் கால்களில் மாட்டிக்கொண்டிருந்தாள். அஸ்லாக் அழுதுகொண்டிருந்தான். எட்டு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ரன்வெய்க்காக இல்லை.

சுன்னாவின் உதடு அசைந்தது. அந்த நாற்காலியைப் பார்த்து. அதே சொல்.

பிறகு சுன்னா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். நீராவி படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்தாள். நேராக ரன்வெய்யைப் பார்த்தாள். திறப்பாள். நிச்சயம் திறப்பாள். காய்ச்சலில் மடியில் கிடந்தவள். பல் தேய்க்கக் கற்றுக்கொண்டவள். திற, கண்ணு. திற.

"போயிட்டு வா, ரன்வெய்" என்றாள் சுன்னா.

கறுப்புத் திரை இழுபட்டு மூடிக்கொண்டது. ரன்வெய் கீழே பார்த்தாள். பனியில் அவள் நின்ற இரண்டு குழிகள், காலணியின் அச்சு கலையாமல், அவள் கால்களுக்கு ஒரு முழம் கீழே இருந்தன.