துளை போட்டால் நிற்கும்

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆட்டிறைச்சி வேகும் மணம் வீடெங்கும் பரவியிருந்த வேளையில், ஆம்ப்ரோஸ் டக்கெட்டுக்குக் காது அடைத்தது. சளி இல்லை. எச்சில் விழுங்கினார், 'டப்' என்று திறந்து மறுபடி அடைத்துக்கொண்டது. விமானம் உயரே ஏறும்போது வருகிற அதே அடைப்பு. அவர் உட்கார்ந்திருந்ததோ சொந்த வீட்டுச் சமையலறையில், அப்போதுதான் எழுதி முடித்த கடிதத்துக்கு முன்னால்.

கடிதம் விசாரணைக் குழுவுக்கு. நாளைக் காலை லண்டனில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். புது ஜெட் விமானங்களில் இரண்டு ஆகாயத்திலேயே பிளந்து கடலில் விழுந்திருந்தன. இரண்டையும் தொழிற்சாலையில் பரிசோதித்தவர் அவர்தான். ஜன்னல்களைச் சதுரமாக வெட்டியதால் மூலைகளில் தகடு மயிரிழை அளவு விரிசல் விட்டது. விரிசலின் நுனியில் சின்னத் துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது என்பது அங்கே நெடுநாள் வழக்கம். துளை போட்டார்கள். பறக்கத் தகுதி என்று அவர் முத்திரை குத்தினார்.

சதுர ஜன்னல்தான் லட்சணம் என்று மேலதிகாரி ஹோல்ராய்ட் சொன்ன அன்றே அந்த ஆள் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார்.

ஜன்னல் முனகியது. கண்ணாடி வெளிப்பக்கமாக லேசாகப் புடைத்து அடங்கியது. அதன் மூலையிலிருந்து சுவரில் ஒரு கோடு இறங்கியிருந்தது. காலையில் அது இல்லை. சுவரோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி ஐவியிடம் காட்டினார். பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றாள் அவள். ஆனால் அவர் கண்ணெதிரே அது ஒரு விரற்கடை நீண்டது. கை தானாகப் போய், கையால் சுற்றித் துளையிடும் டிரில்லை எடுத்தது. கோட்டின் நுனியில் ஒரு துளை போட்டார். நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது. உள்ளே வந்த ஹோல்ராய்ட் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"எழுதினதக் குடு, டக்கெட்."

"மிச்ச விமானத்தையும் அடுத்த வாரம் பறக்க விடப்போறீங்க, சார். ஓட்டை போட்டத நான் சொல்லியே ஆகணும்."

"சொல்லேன். முத்திரை யாரோடது? என்னோடதா? கொலைகாரன்னு பேப்பர்ல உன் பேருதான் வரும். உன் பொண்டாட்டி கடைத்தெருவுல தலைநிமிர்ந்து நடக்க வேணாமா?"

"நான் நடந்துக்குறேன்," என்றாள் ஐவி. "குடுக்காதீங்க."

ஆம்ப்ரோஸ் ஹோல்ராய்டை முறைத்தார். முறைத்துக்கொண்டே கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஹோல்ராய்ட் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இறைச்சி நல்ல மணம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐவி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கதவு மூடியதும் காது இறுக அடைத்தது.

சுவரைப் பார்த்தார். கோடு துளையின் மறுபக்கத்திலிருந்து கிளம்பியிருந்தது. இன்னொரு துளை போட்டார். அதையும் தாண்டியது. இன்னொன்று. துளைகளின் வழியே காற்று சீழ்க்கையடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. இறைச்சி மணம் மறைந்துவிட்டது. பட்டாணிகள் மேசையிலிருந்து உருண்டு, சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. மூச்சுக்குக் காற்று போதவில்லை.

நிற்கணும். துளை போட்டா நிற்கணும். முப்பது வருஷமா நின்னிருக்கு.

பன்னிரண்டு துளைகள். கோடு ஐவியின் நாற்காலி உயரத்துக்கு இறங்கியது. அங்கே சுவரில் முடிந்தது.

இல்லை, கோடு முடியவில்லை.

ஐவியின் வலது கண்ணோரத்தில் ஒரு மயிரிழை. கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் இல்லை.

"வலிக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து அதே சீழ்க்கை.

அவர் இடது கை அவள் முகவாயைப் பிடித்து, அசையாமல் நிறுத்தியது. கட்டைவிரல் கன்னத்தில் விரிசலின் நுனியைத் தடவிக் கண்டுபிடித்தது. வலது கை டிரில்லை அதில் வைத்து, பதமாக அழுத்தி, சுற்றத் தொடங்கியது.