மருந்து அடித்த லாலான் மேடு

இடித்துக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. செமோர் சாலையில், கொட்டுகிற மழையில், தலையில் புல்கட்டோடு ஒருத்தி வருகிறாள். எதிரே முதுகில் தகரப் பம்போடு ஒருவன் வருகிறான். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் வந்தால் வேறென்ன ஆகும்? புல்கட்டு சரிந்து விழுந்தது. பம்பின் குழாய் அவள் முந்தானையில் மாட்டிக்கொண்டது.

"கண்ணு தெரியலையா அண்ணே?" என்றாள்.

பத்துமலைக்குக் கோபம் வரவில்லை. அந்த 'அண்ணே'தான் சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வயசு ஆண்பிள்ளை. முதல் தடவை பார்க்கிறவள், அதுவும் இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டு, எடுத்த எடுப்பில் அண்ணே என்றா கூப்பிடுவாள்... கரிய, பெரிய கண்கள். இமையிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட அவனை முறைத்தன. முறைப்புக்கு உள்ளே சின்னதாக ஒரு சிரிப்பு இருப்பதுபோல் அவனுக்குப் பட்டது. இருந்ததோ, இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டானோ, யார் கண்டது.

"தெரியுது, தெரியுது. மழைதான் மறைச்சிருச்சு. ஆடாம நில்லு, சேலை கிழிஞ்சிரும்."

குழாயின் முனை அவள் மேல் பட்டுவிடாமல், விரல் நுனியால் மெல்ல மெல்ல எடுத்துவிட்டான். அவள் அவன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"கை ஏன் இப்படி வெந்து போயிருக்கு?"

"வேலை அப்படி" என்று கையை இழுத்துக்கொண்டான்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். சாலைக்கு இரண்டு பக்கமும் சர்க்கார் நிலம். அதை லாலான் புல் பிடித்துவிட்டது. சாதாரணப் புல்லா அது? வெட்டினால் வேரிலிருந்து வரும். கொளுத்தினால் முன்னைவிட அடர்த்தியாக வரும். சாலையோரத்தில் விட்டால் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்துவிடும். சங்குலி மண்வெட்டி போட்டு வெட்டி வெட்டி ஆள்களின் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். அதனால் ஈப்போவிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குத்தகைக்காரன் புதுசாக ஒரு வழியைக் கொண்டு வந்தான். பீப்பாயில் வருகிற தூளைத் தண்ணீரில் கரைத்து, பம்பில் ஊற்றிப் பீய்ச்சினால் ஐந்தாறு நாளில் புல் கருகிவிடும். பத்துமலையோடு ஆறு பேர் அந்த வேலையில் இருந்தார்கள். அவர்களை மேய்க்கிறவன் மண்டோர் சீனி.

அந்தத் தூள் பாஷாணம். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டதுமே இரண்டு பேர் பம்பை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போனார்கள். அன்றைக்கே மண்டோர் சீனி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்.

"இதுக்குப் பேரு மருந்து. யாரு கேட்டாலும் மருந்துதான். வேற பேரு வாயில வந்துச்சு, அப்புறம் பெரிய சூசாவாயிரும்லா, வம்பு. பம்பை வச்சிட்டு நடையக் கட்டணும்."

ஆக, மருந்து. பத்துமலையும் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டான்.

அவள் பெயர் இருளாயி. தோட்டத்து ஆள்கள் குடியிருக்கிற லயத்தில் பால் ஊற்றுகிற பிச்சைமுத்துவின் ஒரே மகள். வீட்டில் ஒரு செவலைப் பசுவும் அதன் கன்றும் இருந்தன. தாய் போன பிறகு மாட்டுக்குப் புல் அறுப்பது இருளாயி வேலை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். நாலாம் நாள் அவள் வாயிலிருந்து 'அண்ணே' உதிர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை, வெறும் 'இந்தாங்க' மட்டும்தான். அதுவே பத்துமலைக்குப் போதும். அன்றைக்கு மத்தியானச் சோறு அவனுக்கு இனித்தது.

"இந்தாங்க, நித்தம் முதுகுல தூக்கிட்டுத் திரியுறீங்களே, அதுல என்ன இருக்கு?"

"மருந்து."

"மருந்தா? யாருக்கு வைக்கப் போறீங்க?"

கேட்டுவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெண்ணை மயக்க வெற்றிலையில் மடித்துக் கொடுப்பதற்கும் அதே பெயர்தானே... பத்துமலைக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"அந்த மருந்து வைக்கிறதுன்னா இம்மாம் பெரிய பம்பு எதுக்கு? ஒரு வெத்தல போதும்."

"ஓகோ. வெத்தல போடுற ஆளா பாத்துத் தேடிக்குங்க. எனக்கு வெத்தல ஆகாது."

"உனக்குன்னு யாரு சொன்னா?"

அவள் சிரித்தாள். அந்தக் கண்கள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன், சொல்ல வேண்டியதை அவள் பத்தடி நடந்த பிறகுதான் சொன்னான்.

"இருளாயி... அந்த மேட்டுல காலையில மருந்து அடிச்சிருக்கு. அங்க அறுக்காத."

"சரி, சரி" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவளைக் காணவில்லை.

நாலாம் நாள் வந்தாள். கையில் அரிவாள் இல்லை. கண்கள் வீங்கியிருந்தன. தூறலில் ரப்பர் மரத்தடியில் ஒதுங்கி நின்றாள். பத்துமலை பம்பை இறக்கிவிட்டுப் பக்கத்தில் போனான்.

"செவலை செத்துப்போச்சு" என்றாள்.

அவன் திரும்பி மேட்டைப் பார்த்தான்.

"ராத்திரியெல்லாம் வாயில நுரை தள்ளிக்கிட்டு நின்னுச்சு. விடிய நேரம் காலு மடங்கிருச்சு. எங்கையாலதான் புல்லு போட்டேன்... என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

"எங்க அறுத்த புல்லு?"

"இந்த மேட்டுலதான். நீங்க மருந்து அடிச்சிருக்குன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஒரு பிடி அறுத்து மோந்துகூடப் பாத்தேன். சீமெண்ணெய் வாடையே இல்ல. மழை கழுவிட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன்."

தோட்டத்தில் வாரா வாரம் சாக்கடைக்கு மருந்து அடிப்பார்கள். கொசு சாக அடிக்கிற எண்ணெய் அது, நாலு லயத்துக்கு நாறும். மருந்து அடிப்பது என்றால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாஷாணத்துக்கு வாடை கிடையாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவன் எதிரில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"லயத்துல பேரு வச்சிட்டாங்க. கை ராசி இல்லாதவளாம். அம்மாவும் நான் ஊட்டுன கஞ்சியக் குடிச்சிட்டுத்தான் கண்ண மூடுச்சு. இப்ப செவலையும்... கன்னுக்குட்டிய நான் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. பாலில்லாம அது கத்துறப்ப நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவங்க சொல்றது நெசந்தான் போலிருக்கு. எங்கை பட்டா எதுவும் தங்காது."

'அது உன் கை இல்லை, என் கை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆறே வார்த்தை. பத்தடி தள்ளி மண்டோர் சீனி பீடி குடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒரு காரணம். அந்தக் கண்கள் தன்னைக் கொலைகாரனாகப் பார்த்துவிடுமே என்பது இன்னொரு காரணம். எதுவாக இருந்தால் என்ன, கோழைத்தனம் கோழைத்தனம்தான்.

"விதி..." என்றான் அந்த மடையன். "நம்ம கையில என்ன இருக்கு?"

அவள் தலையாட்டினாள். அவன் சொன்னதையும் நம்பிவிட்டாள்.

"தஞ்சோங் மாலிம்ல ஒருத்தருக்கு என்னைய ரெண்டாந்தாரமா பேசியிருக்காரு அப்பா. ராசி கீசி பாக்காத ஆளாம். தீவாளி கழிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். கூப்பிட வாயெடுத்தான். மண்டோரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

மண்டோர் சீனி பீடியை மிதித்து அணைத்துவிட்டு வந்தான். "தோட்டத்துல மாடு செத்த கதை எனக்கும் தெரியும். நீ வாயத் தொறக்காத மச்சான். நீ என்ன வேணும்னா செஞ்ச? எச்சரிக்கையும் குடுத்திருக்க."

எச்சரிக்கை... அந்தச் சொல் பத்துமலைக்கு நாலு நாள் சோறு இறங்கவிடவில்லை. மருந்து என்று சொன்னது எச்சரிக்கையா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொடுப்பது மருந்து. நாக்குத் தவறிச் சொல்லவில்லையே, வேலை போய்விடும் என்று தெரிந்தேதானே சொன்னான். அவள் தஞ்சோங் மாலிம் போவாள். யாரோ ஒருத்தன் வீட்டில் உலை வைப்பாள். ஒவ்வொரு தடவை சோறு போடும்போதும் இந்தக் கையால் என்ன கெடுதல் வருமோ என்று பயந்து பயந்து போடுவாள். சாகிறவரைக்கும் அப்படியே இருப்பாள்... அதை நினைத்தபோது பத்துமலைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் வேலை கிடையாது. வானம் மூடிக்கிடந்தது. பத்துமலை லயத்துக்கு வந்தபோது குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து வாசலில் உட்கார்ந்து கன்றுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். இருளாயி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அவனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

"ஐயா, எம் பேரு பத்துமலை. ரோட்டோரம் புல்லுக்கு மருந்து அடிக்கிறவன்."

"சரி. உக்காருங்க தம்பி."

"உக்கார வரல. உங்க செவலைய உங்க மக கொல்லல, நாந்தான் கொன்னேன். நாங்க அடிக்கிறது மருந்து இல்ல, பாஷாணம். அதுக்கு வாடை கெடையாது. அது பட்ட புல்லத் தின்ன மாடு பொழைக்காது."

துணி அலசுகிற சத்தம் நின்றது.

"மருந்துன்னுதானே சொன்னியாம் எம் மககிட்ட?" பிச்சைமுத்து எழுந்து நின்றார்.

"ஆமா. பாஷாணம்னு சொல்லியிருக்கணும். வேலை போயிருமேன்னு சொல்லல. அப்புறமும் உங்க மக வந்து அழுதப்பக்கூட, தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம நின்னேன்." குழாயடிப் பக்கம் திரும்பினான். "அந்தப் புள்ளையோட கையில ஒரு குறையும் இல்ல. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் சொல்றேன். யாரும் ரோட்டோரப் புல்ல அறுக்காதீங்க."

பிச்சைமுத்து முறுக்கிய கயிற்றைத் தூக்கி அவன் மார்பில் எறிந்தார். "போயிரு. பத்து வருசம் புள்ளையாட்டம் வளத்தேன். இன்னொரு நிமிசம் நீ இங்க நின்னேன்னா எங்கையால என்ன ஆகும்னு தெரியாது. போயிரு."

பத்துமலை கயிற்றைக் குனிந்து எடுத்து வாசலில் வைத்தான். திரும்பியபோது இருளாயி வெளியே வந்திருப்பதைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போனாள். அத்தனை பேர் பார்க்க, கன்றின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. பிச்சைமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவன் நடந்தான். சாலை வரும்போது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நாளைக்கு மண்டோர் சீனி காதுக்கு இது போய்விடும், வேலை இல்லை. சிலிம் ரிவர் பக்கம் ஏதாவது தோட்டத்தில் ஆள் எடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டே போனான். பின்னால் ஓடிவருகிற காலடி கேட்டது.

மூச்சு வாங்க வந்து நின்றாள் இருளாயி. மழை அவள் நெற்றியில் வழிந்து அந்தக் கண்களுக்குள் இறங்கியது. சிரிப்பின் சுவடுகூட அங்கே இல்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"மண்டோருக்குப் பயந்தேன். அது பாதிதான்." பத்துமலை சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ என்னைய வெறுத்துருவியேன்னு பயந்தேன். உன்னைய எனக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சு, இருளாயி. இப்பவும் அப்படித்தான். இதச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, தெரியும். ஆனா இனிமே உங்கிட்ட எதையும் மறைக்கிறதா இல்ல."

அவள் கண்ணில் இறங்கிய மழையைப் புறங்கையால் துடைத்தாள்.

"வெறுப்பாத்தான் இருக்கு" என்றாள். "ஒன்பது நாளு எங்கையப் பாத்து நானே பயந்துக்கிட்டு இருந்தேன். அதையெல்லாம் ஒரு நிமிசத்துல மறந்துட்டேன்னு சொல்ல முடியாது."

"வேணாம். மறக்க வேணாம். போயிட்டு வாரேன்."

"நில்லுங்க." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட சொல்லல. சாமிகிட்டகூடச் சொல்லல."

அவன் நின்றான்.

"எங்க லயத்துக்குப் பின்னாடி ஆத்தோரத்துல இடுப்பளவு புல்லு கெடக்கு. பச்சைப் பசேல்னு... செவலைக்கு அதுவே தாராளம். ஒரு கல்லு தூரம் நடந்து இந்த மேட்டுக்கு வந்து அறுக்கணும்னு எனக்கு ஒரு அவசியமும் இல்ல."

"பின்ன ஏன் வந்த?"

"உங்களப் பாக்கத்தான்."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"முத நாளு அந்தப் பக்கம் உப்புக்கட்டி வாங்கப் போயிட்டு, வர்ற வழியில அறுத்தேன். அதுக்கப்புறம் உங்களப் பாக்கத்தான் வந்தேன். வெறுங்கையோட போனா அப்பா கேப்பாருன்னு கையில கெடைச்சத அறுத்தேன். அன்னிக்கும் அப்படித்தான் அறுத்தேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்தும், உங்க நெனப்புல மோந்து பாத்ததோட விட்டுட்டேன்... எங்கையில குறை இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. எம் மனசு பண்ணுனத நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

"எங்கிட்ட சொல்லு" என்றான் பத்துமலை.

மழை வலுத்தது. அவள் விசும்பி விசும்பிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருவரும் நனைந்துகொண்டே நின்றார்கள்.