சுவைநாவிக்கு வார்த்த தண்ணீர்

“கண்ணு, தண்ணி குடி சாமி.”

மயிலாத்தாள் டம்ளரை வைத்ததும், சமையல் மேடையில் இருந்த சுவைநாவி தன் வெள்ளி நாக்கை நீட்டி ஒரு வாய் உறிஞ்சியது. “மருந்து பத்தலீங்கம்மா. இன்னும் கொஞ்சம் கலக்கச் சொல்லித் தொட்டிக்குச் சொல்லிடறேன்.”

“இன்னைக்குமா!” மயிலாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது.

குளோரின் மருந்தை மேல்நிலைத் தொட்டியில் கலக்கிறார்கள். கடைசி வீட்டுக் குழாய்வரை அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் தண்ணீர் சுத்தம் என்று நம்பலாம். ஊசிப்பாறை வலசு என்ற அந்தச் சிற்றூரில் கடைசி வீடு மயிலாத்தாளுடையது. தண்ணீரை ருசிபார்த்து மருந்தை அளக்கும் நாவி அங்கே வந்தது அதனால்தான். முன்பெல்லாம் கருவியைக் குழாய்க்குள்ளேயே பதித்தார்கள். உப்புப் படிந்து செத்துக் கிடந்தாலும் எட்டிப்பார்க்க நாதியில்லை. பேசுகிற கருவியென்றால் பார்த்துக்கொள்வார்களே என்று இதற்குக் குரல் வைத்தார்கள். வீட்டாரோடு பழகிப் பழகி, அவர்கள் பேச்சையே பிடித்துக்கொண்டு, மனம் கோணாமல் பேசும். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடந்தவளுக்கு இது போதாதா? அவள் வாய் ஓயவே இல்லை.

ஊருக்குள்தான் ரகளை. நாவி கேட்கக் கேட்க, தொட்டி மருந்தை ஏற்றிக்கொண்டே போனது. காப்பியில்கூட அந்த நெடி. சில வீட்டுக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கல் உடைத்த பழைய குழியில் தேங்கிய தண்ணீருக்கே போனார்கள். அதைக் குடித்த ஒருத்தர் வாந்திபேதியாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அந்தச் சனியனைக் கழற்றி எறியுங்கள் என்று ஊரே நின்றது. மயிலாத்தாள் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

அங்கிருந்து பொறியாளர் நஸ்ரீன் வந்தாள். “அக்கா, தினமும் எப்படி ஊத்துவீங்கன்னு காட்டுங்க.”

மயிலாத்தாள் அடுப்பிலிருந்து போசியை இறக்கினாள். சீரகம் போட்டுத் தளதளவென்று கொதித்த தண்ணீர்.

“காய்ச்சியா ஊத்துறீங்க? காய்ச்சினா மருந்து போயிடுமேக்கா!”

“பின்னே? வீடு தேடி வந்த புள்ளைக்கு அந்த நாத்தத் தண்ணியவா குடுப்பாங்க? நாத்தம் ஏற ஏற நானும் இன்னுங் கொஞ்சம் கொதிக்க வெச்சேன் அம்மணி.”

நஸ்ரீன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். “குழாயில பிடிச்சு அப்படியே ஊத்துங்க. எல்லாம் சரியாயிடும்.”

மறுநாள் காலையில் மயிலாத்தாள் பச்சைத் தண்ணீரைப் பிடித்தாள். நெடி மூக்கில் ஏறியது. “மன்னிச்சுக்க கண்ணு, வேற வழி தெரியல” என்று கெஞ்சினாள்.

நாவி உறிஞ்சியது.

“அருமையான தண்ணிங்கம்மா. ஒரு குறையும் இல்லீங்க. தொட்டிக்கும் அப்படியே சொல்லிட்டேனுங்க.”

அவள் பூரித்துப்போனாள். மிச்சத் தண்ணீரைத் தானே குடித்துப் பார்த்தாள். தொண்டை எரிந்தது; அவ்வளவு மருந்து. பக்கத்து வீட்டு இனிக்காத பாயசத்தை அவளும் இதே குரலில் எத்தனை தடவை புகழ்ந்திருக்கிறாள்!

“அட என் தங்கமே!” என்று நாவியின் தலையைத் தடவிவிட்டு நஸ்ரீனுக்குப் போன் போட்டாள். “அம்மணி, இதோட குரலை எடுத்துப்போடுங்க.”

“கழட்டினா பழகினதெல்லாம் மறந்துடும்க்கா. உங்களையும்தான். ஏன், என்ன ஆச்சு?”

“எம்மேல பாசம் வெச்சிருச்சு அம்மணி. இனி இது ஊருக்கு உண்மையைச் சொல்லாது.”