சங்குமலையில் முத்தரசி

"கூட வர்ற ஆளுங்க எங்கிட்டு?"

அடிவாரத்து டீக்கடைக்கார அம்மாள் கேட்டதும் முத்தரசி கையைப் பின்பக்கம் காட்டினாள். "வந்துக்கிட்டு இருக்காங்கக்கா. நான் முன்னால போறேன்."

பொய்! பின்னால் யாரும் வரவில்லை. கம்பம் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் முத்தரசி, வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தாள். போன மாதம் தோழிகளோடு இதே சங்குமலைக்கு வந்தபோது எல்லாரும் உச்சிப்பாறையில் ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் பாறைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து கேலி. இன்று தனியாக ஏறி, உச்சியில் நின்று ஒரு படம் எடுத்து, எல்லார் வாயையும் அடைத்துவிட வேண்டும்!

"மத்தியானத்துக்கு மேல மஞ்சு எறங்கும், பனிமூட்டத்துல வழி தெரியாது. வெள்ளன கீழ வந்துருங்க. கரடி வேற சுத்துது," என்றார் அந்த அம்மாள்.

முத்தரசி நடையை எட்டிப் போட்டாள். புதர்க்காடு முடிந்து புல்மேடு வந்தது. அதற்கு மேல், சங்கைக் கவிழ்த்து வைத்ததுபோல் அந்தப் பாறை. அதன் நடுவே ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு பிளவு. அதற்குள் முதுகை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் ஊன்றி ஏற வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியாது.

"கீழ பாக்காத. கீழ பாக்காத," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஏறினாள். முழங்கை சிராய்த்தது. கடைசியில் விரல்களில் புல் தட்டுப்பட்டது. உந்தித் தள்ளி மேலே விழுந்தாள்.

உச்சி!

"ஏறிட்டேன்! ஏய், நான் ஏறிட்டேன்!" என்று கத்தினாள். கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளத்தாக்கைக் காணவில்லை. வெள்ளைச் சுவர்போல் மஞ்சு மேலேறி வந்துகொண்டிருந்தது. கைபேசியில் சிக்னலும் இல்லை.

கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு அவசரமாகப் பிளவுக்குள் இறங்கினாள். பாதித் தூரம் இறங்கியிருப்பாள். கீழே ஏதோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மண்ணைத் தோண்டும் சத்தம். மெல்லக் குனிந்து பார்த்தாள்.

கரடி! முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு, பிளவின் அடியில் இருந்த கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

முத்தரசி காலை மாற்றி ஊன்றினாள். செருப்பின் கீழிருந்து ஒரு கல் நழுவியது. டக்... டக்... டக்!

கரடி நிமிர்ந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று உறுமியது. நகங்கள் பாறையைப் பிறாண்டின. ஏறி வருகிறது!

தோளில் தொங்கிய பையை உருவினாள். உள்ளே கடலைமிட்டாய், தண்ணீர், எல்லாம் இருந்தது. பிளவுக்கு வெளியே தன்னால் முடிந்த மட்டும் வீசினாள். அது பாறையில் மோதிச் சரிவில் உருண்டது. கரடி தலையைத் திருப்பியது. முகர்ந்தது. அந்த ஒரு நொடிதான்! அவள் மேல்நோக்கித் தொற்றினாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

இப்போது உச்சியிலும் மஞ்சு. நீட்டிய கை தெரியவில்லை. தான் இங்கே தனியாக இருப்பது ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. டீக்கடை அம்மாளும் கூட ஆள் இருப்பதாகத்தான் நினைத்திருப்பார். தேடி யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் மருந்துக்கடையில்தான் விசாரிப்பார்கள்!

அழுகை முட்டியது. அழவில்லை. மறுபக்கத்துச் சரிவில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு முறையும் காலால் துழாவித் துழாவி நகர்ந்தாள். ஓரிடத்தில் கால் வெறும் காற்றில் தொங்கியது. கீழே எங்கோ தண்ணீர் விழும் ஓசை. பதறிப்போய்ப் புல்லைக் கொத்தாகப் பிடித்துப் பின்வாங்கினாள். இன்னும் இடதுபுறமாகத் துழாவினாள். தரை கிடைத்தது. மறுபடி நகர்ந்தாள். பாசி போல் வழுக்கிய ஈரப்புல் முடிந்து மரங்கள் தொடங்கின. ஒரு மரத்தைப் பிடித்து எழுந்து, அடுத்த மரத்துக்குத் தாவினாள்.

எங்கோ சிரிப்புச் சத்தம். மனிதச் சிரிப்பு!

கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள். "யாராச்சும் இருக்கீங்களா!"

"யாரு அது?"

ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ரத்தமும் சேறுமாக நின்றவளைப் பார்த்து ஒருத்தி மார்பில் கை வைத்தாள்.

"ஆத்தாடி! எங்கிட்டு இருந்து வர்ற?"

முத்தரசி மேலே காட்டினாள். அங்கே மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

"தனியாவா? நெசமாவா?"

அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். தோழிகளிடம் பேச அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, நான் கடையில இல்ல. சங்குமலைக்கு வந்தேன். தனியா. கரடி வந்துச்சும்மா..."

அந்தப் பக்கமிருந்து திட்டு விழுந்தது. மூச்சு விடாமல் விழுந்தது.

திட்டி ஓய்ந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "உச்சிக்கு ஏறிட்டியா?"

"ஏறிட்டேம்மா."

"சரி. இனிமே எங்க போனாலும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன்."

"சொல்லிட்டே போறேம்மா," என்றாள் முத்தரசி. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.