இடது கைக்கு ஒரு வில்லுக்கத்தி

கோணாமலை அதிகம் பேசமாட்டார். காலையில் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இரவில் "கதவைச் சாத்து" என்பார். இடையில் இருக்கிற முழுப் பகலுக்கும் அவரிடம் வார்த்தை இல்லை.

கம்சாயினி அவருடைய அண்ணன் மகள். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது சுனாமி வந்தது. தேற்றாத்தீவில் கடலோரமாக இருந்த வீட்டோடு அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். பிறகு பெரியம்மா வளர்த்தாள். யுத்தம் முடிந்த வருடம் பெரியம்மாவும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்படித்தான் கம்சாயினி வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தனியாக இருந்து வயல் செய்த சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தாள்.

வீட்டைச் சுற்றி வட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளில்லை. சில நாட்களில் அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "கம்சாயினி!" என்று கூப்பிடுவாள். கிணறும் "கம்சாயினி!" என்று கூப்பிடும். அவளை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே கிணறு மட்டும்தான் இருந்தது.

சித்தப்பாவின் வலது கையில் விரல்கள் இல்லை. யுத்த காலத்தில் ஷெல் விழுந்தபோது போய்விட்டன. மண்வெட்டியைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு இடது கையாலேயே எல்லா வேலையும் செய்வார்.

ஒருநாள் பின்னேரம் அவர் பசளை மூட்டையின் கயிற்றை அறுக்கப் போனார். இடுப்பிலிருந்து பழைய வில்லுக்கத்தியை எடுத்தார். மடங்கியிருந்த அலகைப் பல்லால் கடித்து வெளியே இழுத்தார். அது வழுக்கியது. உதடு வெட்டுப்பட்டு இரத்தம் வடிந்தது.

"ஐயோ சித்தப்பா! என்னட்டைத் தந்தா நான் திறந்து தருவன்தானே!"

"நீ பள்ளிக்கூடம் போனா ஆர் திறக்கிற?" என்றார் அவர். சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

அன்றிரவு, பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை மாமியிடம் அவர் வேலியோரம் நின்று சொன்னது கம்சாயினியின் காதில் விழுந்தது.

"புள்ளையைக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில விடலாமெண்டு யோசிக்கிறன். ஒத்தக் கையால நான் என்னத்தைப் பாக்கிற?"

கம்சாயினி பாயில் சுருண்டு படுத்தாள். அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதாள். அழுது முடிந்ததும் சித்தப்பாவின் உதடு ஞாபகம் வந்தது. 'நான் போன பிறகு எத்தனை தரம் வெட்டுப்படுமோ?'

போகும் முன் அவருக்கு ஒரு நல்ல கத்தி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். ஒற்றைக் கையால் திறக்கக்கூடிய கத்தி. பெரியம்மா போகும்போது, "விரும்பினதை வாங்கு மனே" என்று கையில் வைத்துவிட்டுப் போன காசு அவளிடம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை சீதேவிப்பிள்ளை மாமி காத்தான்குடிக்குச் சீத்தைத் துணி எடுக்கப் போனாள். கம்சாயினியும் கூடப் போனாள். வாவியைக் கடக்கிற தட்டையான பெரிய படகை அங்கே 'பாதை' என்பார்கள். பாதையில் நின்ற எல்லாரும் யாரோ ஒருவருடன் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கம்சாயினி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காத்தான்குடியில், 'அண்ணன்' என்ற பொருளில் எல்லாரும் 'காக்கா' என்று கூப்பிடும் சரீப்பின் இரும்புச் சாமான் கடையில் கத்திகள் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய இருந்தன.

"வாங்க மகள், இதைப் பாருங்க!" காக்கா சிவப்புப் பிடி போட்ட ஒன்றை விரித்தார். உள்ளே கத்தி, கத்தரிக்கோல், அரம், தக்கை திறப்பான் எல்லாம் இருந்தன. விரித்தபோது அது மல்லாந்து கிடக்கிற நண்டு மாதிரி இருந்தது.

"நல்ல வடிவு! இதையே எடுகா" என்றாள் மாமி.

கம்சாயினி வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடது கையால் மட்டும் அதைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. அடுத்ததை எடுத்தாள். அதுவும் முடியவில்லை.

காக்கா சிரித்தார். "என்ன மகள், வித்தை காட்டுறீங்களா?"

"எங்கட சித்தப்பாக்கு வலது கையில விரல் இல்லை காக்கா. பல்லால கடிச்சுத் திறக்கிறார்."

காக்காவின் சிரிப்பு நின்றது. அவரும் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இருவருமாகப் பெட்டி முழுவதையும் கிளறினார்கள். கடைசியாகக் கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தி வந்தது. பார்க்க அழகில்லை. ஆனால் அலகின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. பெருவிரலால் அதைத் தள்ளினால் அலகு 'டக்' என்று திறந்து நிற்கும்.

"இந்தா! இதுதான்!" என்று காக்கா உற்சாகத்தில் தன் வலது கையாலேயே திறந்து காட்டிவிட்டார்.

கம்சாயினி இடது கையில் வாங்கிப் பார்த்தாள். குமிழ் மறுபக்கத்தில் கிடந்தது. பெருவிரல் எட்டவில்லை.

"அடடா, இது வலது கைக்காரருக்குச் செஞ்சதாக்கும்" என்று காக்கா முகத்தைச் சுருக்கினார். மாமி பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தினாள்.

கம்சாயினி கத்தியைக் கீழே வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காக்கா, இந்தக் குமிழ் புரியாணி போட்டுத்தானே பூட்டிக் கிடக்கு? கழட்டி மற்றப் பக்கம் பூட்டினா?"

காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு சின்னத் திருகாணி முடுக்கி ஒன்றை எடுத்து, அந்தப் புரியாணியைத் திருகிக் குமிழைக் கழற்றி மறுபக்கத்தில் பூட்டினார்.

கம்சாயினி இடது பெருவிரலால் தள்ளினாள். டக்!

திரும்பி வருகையில் படகுத் துறையில் காவல் நின்ற சிப்பாய் பையைச் சோதித்தான். கத்தியைக் கண்டதும் வெளியே எடுத்தான். அவன் வலது கையால் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. மறுபடி பார்த்தான். அசையவில்லை.

"மே கத்தி... இந்தக் கத்தி... சரி இல்லை?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டான்.

கம்சாயினி தன் இடது கையை உயர்த்திக் காட்டினாள். அவன் கை மாற்றித் தள்ளினான். டக்! அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மடித்து அவளிடம் கொடுத்து, "போ, போ" என்றான்.

சித்தப்பா மாமரத்தடியில் இருந்தார். கம்சாயினி கத்தியை நீட்டினாள்.

"பல்லால கடிக்கத் தேவையில்லை. இந்தக் குமிழைத் தள்ளுங்க. மடிக்கிறதெண்டா பின்பக்கப் பூட்டை அமத்திக்கொண்டு, அலகின்ர முதுகைத் தொடையில வைச்சுத் தள்ளுங்க."

அவர் திறந்தார். மடித்தார். திரும்பவும் திறந்தார். தூரத்தில் மயில் அகவியது.

"இதை ஏன் வாங்கினாய்?"

"நான் இல்லத்துக்குப் போனா மறுகா உங்களைப் பாக்க ஆரும் இல்லைதானே."

சித்தப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஒரு மாங்காயை வலது மணிக்கட்டால் முழங்காலோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டு வெட்டினார். துண்டு கோணல்மாணலாக வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதை அவளிடம் கொடுத்தார்.

"அங்க போக உனக்கு விருப்பமா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"எனக்கும் அனுப்ப விருப்பமில்லை புள்ள. இந்தக் கையால உனக்குத் தலை பின்னிவிடக்கூட ஏலாதே எண்டுதான்..."

"எனக்கே பின்னத் தெரியும் சித்தப்பா!"

சித்தப்பா கத்தியை மறுபடி எடுத்து இன்னொரு துண்டு வெட்டினார்.

"அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போய் உப்பு எடுத்து வா."

கம்சாயினி ஓடினாள். குசினி வாசலை அவள் மிதிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கம்சாயினி! மிளகாய்த் தூளும் கொண்டு வா!"